ஆற்றின் பிறந்தகமும் நம் குழந்தைகளும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் சங்கப் பகுதிகளிலிருந்து வேன்களும் பேருந்துகளும் மலையடிவாரத்தை நோக்கிப் புறப்பட்டு விடுகின்றன. குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காட்டுத் தலையணை என்று ஊருக்கேற்ப இடம் மாறுமேயன்றி ஏற்பாட்டில் மாறுதல் இராது. விடியுமுன் புளியோதரை கட்டியாகிவிடும். வண்டியில் ஒலிபெருக்கி அலறும். போய்ச் சேர்ந்ததும் தலையில் எண்ணெய், பின்பு சோப்பு, பின்பு அருவி. உண்டு முடித்தபின் இலையும் காகிதமும் நெகிழிப் பையும் பாறையிடுக்கில் தங்கும். மாலையில் திரும்பும்போது, "பிள்ளைகளுக்கு மலையைக் காட்டிவிட்டோம்" என்று பெரியவர்கள் திருப்தி கொள்கிறார்கள். அவர்கள் காட்டியது மலையையன்று, சற்றுப் பெரியதொரு குளியலறையை என்பதே எனது அபிப்பிராயம்.

இதைச் சொல்வதால், மக்களைக் காட்டுப் பக்கமே விடலாகாது என்னும் கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அப்படிப் பேசுவோர் பெரும்பாலும் நகரத்தில் குழாயைத் திருகித் தண்ணீர் பிடிப்பவர்கள். அந்த நீர் எங்கிருந்து வருகிறதென்று அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தெரியாது. "ஆறு எங்கள் பாட்டன் சொத்து, தடுப்பதற்கு இவர்கள் யார்?" என்று சோதனைச் சாவடியில் சண்டையிடும் நண்பர்களின் கட்சியும் எனக்கு உடன்பாடன்று. பாட்டன் சொத்தென்றால் பேரனுக்கும் பங்குண்டல்லவா? அந்தப் பேரனை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். நெசவாளர் வீட்டுக் குழந்தையும் விவசாயி வீட்டுக் குழந்தையும் தங்கள் ஆறு பிறக்கும் காட்டை அவசியம் பார்க்க வேண்டும். ஆனால், குளிப்பதற்காக அன்றி, பார்ப்பதற்காகவே அழைத்துச் செல்லப்பட வேண்டும்.

எனது பணி தாமிரபரணிக் கரையில் அமைந்திருப்பதால் அந்த ஆற்றையே எடுத்துக்கொள்கிறேன். பழைய பெயர் பொருநை. பெரிய பொதிகை மலையில் பூங்குளம் என்னுமிடத்தில் ஊற்றெடுத்து, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை சுமார் 128 கிலோமீட்டர் தூரம் தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டாமல் ஓடும் ஆறு இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டாலும் பயன் பெறுவதால் ஆண்டு முழுதும் நீர் காணும் ஆறுகளில் ஒன்றாக விளங்குகிறது. இதனாலேயே நம் பக்கத்து நன்செய்யில் காரும் பிசானமும் என இரு போகம் விளைகின்றது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்களும் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாசனமளிக்கின்றன. இக்கணக்கை நம் விவசாய அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மடை எந்தக் கிழமை திறக்கும் என்பது வரை அவர்கள் அறிவார்கள். மடைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர்களுள் பலர் நேரில் கண்டதில்லை.

நெசவாளரும் இந்த நீருக்குக் கடன்பட்டவரே. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தின் அடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், நூற்பாலை அமைத்ததற்குக் காரணமே அங்கே விழும் நீரின் வலிமைதான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கதிர்களைச் சுழற்றியது. அந்நூல் தறிகளுக்குப் போயிற்று. 1944ஆம் ஆண்டில் பாபநாசத்தில் நீர் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று. பட்டமடையில் பாய் நெய்வோர்க்கோ ஆறுதான் வயலும் தொட்டியும். ஆற்றோரத்தில் வளரும் கோரையை அறுத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறினாலன்றிப் பட்டுப்போல் மடியும் அந்தப் பாய் உருவாவதில்லை. தேங்கிய நீரில் ஊறிய கோரைக்கும் ஓடும் நீரில் ஊறிய கோரைக்கும் உள்ள பேதத்தை அங்குள்ள மூதாட்டிகள் விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் மலைக்குக் கீழேயுள்ள செய்தி. மேலேயுள்ள காடு இன்று களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் எனப் பெயர் பெற்றுள்ளது. முண்டந்துறை 1962ஆம் ஆண்டிலும், களக்காடு 1976ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாயின. இரண்டையும் இணைத்து 1988ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதலாவது புலிகள் காப்பகம் அமைந்தது. புலி என்ற பெயரைக் கேட்டதும் குழந்தைகள் புலியைத் தேடுகிறார்கள். புலியைக் காண்பது லாட்டரிச் சீட்டில் பரிசு விழுவது போன்றது. அதை நம்பிப் பயணம் போகலாகாது. இக்காட்டிற்கு வேறொரு பெயரும் உண்டு: ஆறுகளின் சரணாலயம். சிறிதும் பெரிதுமாக 14 ஆறுகளும் ஓடைகளும் இதனுள்ளே பிறக்கின்றன. தாமிரபரணியும், சேர்வலாறும், மணிமுத்தாறும், பச்சையாறும் இந்த வீட்டுப் பெண்களே. கீழே வந்து ஒவ்வொரு புகுந்த வீட்டிலும் ஒவ்வொரு பெயரில் உழைக்கின்றன.

ஐரோப்பாவில் அல்பேனியா என்னும் சிறிய நாடு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வியோசா என்ற ஆற்றைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கிரேக்க நாட்டு மலைகளிலிருந்து இறங்கி ஏறத்தாழ 270 கிலோமீட்டர் ஓடி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே அணைகள் கட்டத் திட்டங்கள் இருந்தன. அவற்றை எதிர்த்துப் பல ஆண்டுகள் வாதாடியவர்களில் ஆற்றோரத்து விவசாயிகளும் உண்டு. காட்டாறு ஒன்றை முழுமையாகப் பூங்காவாக்கியது ஐரோப்பாவில் அதுவே முதல் தடவை என்கிறார்கள். நமது ஆறு அத்தகையதன்று. காரையாற்றில் அணை உண்டு, சேர்வலாற்றில் உண்டு, மணிமுத்தாற்றில் உண்டு. இதற்காக நாம் நாணவேண்டியதில்லை. அந்த அணைகள் இல்லையேல் பிசானம் கரையேறாத ஆண்டுகள் பல இருந்திருக்கும். ஆயினும் அணைகளுக்கு மேலேயும், அவற்றிற்கு இடையேயும், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஓடும் நீர் சிறிதளவு இன்னும் மிச்சமிருக்கிறது. 128 கிலோமீட்டரில் அது ஒரு சிறு பங்கே. குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியது அந்தச் சிறு பங்கைத்தான்.

அங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அண்மையில் ஒரு தை மாதச் சனிக்கிழமையன்று, நெசவாளர் சங்கமொன்றைச் சேர்ந்த 18 குழந்தைகளுடனும் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நால்வருடனும், வனத்துறையின் அனுமதி பெற்று ஓடைக்கரை ஒன்றில் அரை நாள் இருந்தேன். வழிகாட்டியாக வந்தவர் காணிக்கார முதியவர் ஒருவர். காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்கள் அவர்கள். முதல் அரை மணி நேரம் குழந்தைகள் கூச்சலிட்டார்கள். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, கணுக்கால் அளவு நீரில் குந்தியிருந்து, உள்ளங்கையளவு கல் ஒன்றைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார். கூச்சல் தானாக அடங்கிற்று.

கல்லின் அடியில் மணலையும் பொடிக் கற்களையும் சேர்த்துக் கட்டிய, அரை அங்குல நீளமுள்ள குழல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு புழு. ஆங்கிலத்தில் காடிஸ் எனப்படும் சிறிய இறகுப் பூச்சியின் புழுப்பருவம் அது. தன் வாயிலிருந்து வரும் பட்டிழையைக் கொண்டு மணல்களைக் கோத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. அதே குலத்தில் இன்னொரு வகை இரண்டு கற்களுக்கிடையே, நீர் வரும் திசையை நோக்கி, சதுரம் சதுரமாகக் கண்ணிகள் வைத்து வலை நெய்கிறது; நீரோடு வரும் துகள்கள் அதில் தங்க, அவற்றைத் தின்று வாழ்கிறது. பூச்சியினங்களை வகுத்தவர்கள் இக்குலத்தைப் பட்டுப்புழுவின் குலத்திற்கு மிக நெருங்கிய உறவாகச் சேர்த்திருக்கிறார்கள். இச்செய்தியை நான் சொன்னபோது, தறிக்குழியில் பிறந்து வளர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், "அப்படியானால் தண்ணீருக்குள்ளேயும் நம்ம ஆளுங்க இருக்காங்க, சார்" என்றான். நான் கூட்டங்களில் கேட்ட பல சொற்பொழிவுகளை விட அந்த வாக்கியம் எனக்கு உயர்வாகப் பட்டது.

முதியவர் கல்லை எடுத்தபடியே, அடிப்பக்கம் அடியிலேயே இருக்குமாறு திரும்ப வைத்தார். "அது ஒருத்தர் வீடு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எந்தக் குழந்தையும் கல்லை வீசி எறியவில்லை. வீசாதே என்று ஒருவரும் சொல்லவுமில்லை.

பிறகு மரத்தின்மேல் கருமந்திகள் தாவுவதைக் கண்டார்கள். நீர்மருதின் வேர் கரை மண்ணை எப்படிக் கவ்விப் பிடித்திருக்கிறது என்பதைக் கண்டார்கள். நீர்நாய் மீனைத் தின்று போட்ட எச்சத்தைக் காணிக்காரர் காட்டினார்; நீர்நாய் தென்படவில்லை. மழை நின்று இத்தனை நாட்களுக்குப் பிறகும் பாறை வெடிப்பிலிருந்து நீர் எப்படிக் கசிகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். பாவு உருளையைக் காட்டி அவளுக்கு விளங்க வைத்தவர் அவளுடைய தாத்தா. உருளையில் சுற்றிய பாவு, நெய்ய நெய்யச் சிறிது சிறிதாக இறங்க வேண்டும். மொத்தமாக அவிழ்ந்து விழுந்தால் தறி நின்றுவிடும். சோலையின் இலைச் சருகும் வேரும் மண்ணும் மழையை அவ்வாறு சுற்றி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக விடுகின்றன. இதைவிட நன்றாக விளக்கிய பாடப்புத்தகத்தை நான் படித்ததில்லை.

பாவு மொத்தமாக அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்துவிட்டோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் நீரில் மிதந்தன. அத்தகைய மழையை எந்தக் காடும் முழுவதும் ஏந்திவிட முடியாது. ஆயினும் காடு இருக்கும்போதே இப்படியென்றால், காடு இல்லாதபோது எப்படி என்ற கேள்வியை அந்த வெள்ளத்தைக் கண்ட குழந்தையிடம் தயங்காமல் எழுப்பலாம்.

இனி நம்மவர் வழக்கத்திற்கு வருகிறேன்.

ஓடும் நீரில் எண்ணெயும் சோப்பும் கரைந்தால் அது கீழே போய்விடுகிறது, என்ன கெட்டுவிடும் என்பது பெரியவர்களின் வாதம். கீழே என்பது யாருடைய வீடு? அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்த நீரைத்தான். கல்லுக்கடியில் வலை நெய்யும் அந்தப் புழு தெளிந்த, காற்றோட்டமுள்ள நீரை நம்பி வாழ்வது. மீன் அதை நம்பி வாழ்வது. நீர்நாய் மீனை நம்பி வாழ்வது. சோப்புக்கும் எண்ணெய்க்கும் நெகிழிக்கும் காட்டினுள் தடை உண்டு. பாபநாசம் சோதனைச் சாவடியில் பைகளைச் சோதிக்கிறார்கள். அச்சமயம் சில தகப்பன்மார் ஷாம்புப் பொட்டலத்தைப் பிள்ளையின் சட்டைப்பையில் ஒளித்து வைப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு ரூபாய்ப் பொட்டலம். அதற்குள் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி எவ்வளவு! காவலரை ஏமாற்றுவது சாமர்த்தியம் என்பதை அவன் அன்றே கற்றுக்கொண்டான். நாளை சங்கத்தின் எடைத்தராசையும் கணக்குப் புத்தகத்தையும் அவன் எவ்விதம் கையாளுவான் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதும் அத்தகையதே. அன்பின் மிகுதியால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. பழத்திற்குப் பழகிய குரங்கு மறுவாரம் பையைப் பறிக்கிறது, குழந்தையைக் கடிக்கிறது, பின்பு ஊருக்குள் இறங்கித் தோப்பை அழிக்கிறது. அப்போது மனு எழுதிக்கொண்டு அலுவலகத்திற்கு வருபவர்களும் நாமே.

எல்லாவற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தருவது துணியைப் பற்றிய செய்தி. பாபநாசத்தில் நீராடியபின் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் பரவியிருக்கிறது. நம்பிக்கையைக் குறித்து வாதாட நான் இதை எழுதவில்லை. அவரவர் மனம் அவரவர்க்கு. ஆனால் துணி என்பது நமது தொழில். தொண்டர்கள் அவ்வப்போது ஆற்றில் இறங்கிக் குவியல் குவியலாக இழுத்துப் போடும் அந்தத் துணிகளை நம் சங்கத்துக் குழந்தைகளும் அன்று கரையில் கண்டார்கள். வேரிலும் பாறையிலும் சுற்றி, பாசி படிந்து, நிறம் மாறிக் கிடந்தன. முன்பு சொன்ன சிறுமி, "தாத்தா, இது நம்ம ஊர்ச் சேலையா?" என்று கேட்டாள். பெரியவர் குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்து, "இல்லம்மா, விசைத்தறி. பாலியஸ்டர். இது மக்காது" என்றார். அவர் குரலில் ஆறுதலும் இருந்தது, வேதனையும் இருந்தது. பருத்தியாயினும் ஆற்றில் போடலாகாதுதான். ஆனால் பருத்தி சில காலத்தில் மண்ணாகும். பாலியஸ்டர் இழை இழையாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகிக் கடல்வரை போகும். வீரவநல்லூரில் ஒருவர் நாட்கணக்கில் கால்மிதியை மிதித்து, பூப்பூவாகக் கை வைத்து ஒரு செடிபுட்டா சேலையை முடிக்கிறார். துணியின் மதிப்பு இன்னதென அந்த வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். ஆற்றில் துணியை எறிவது தவறென்று ஊருக்குச் சொல்லத் தகுதி வாய்ந்தவர்கள் நெசவாளர்களே என்று நான் கருதுகிறேன். பாபநாசத்தின் அருகேயுள்ள சங்கங்கள் படித்துறையில் ஒரு துணிப் பெட்டி வைத்து, விட்டுச் செல்லும் துணியைப் பெற்றுத் துவைத்து, வேண்டியவர்க்குக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கலாம். தேவஸ்தானமும் உள்ளாட்சியும் இதற்கு இணங்காமல் இரா.

விவசாய நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது கிடைத்த மறுமொழி வேறு விதமானது. மலையடிவாரத்துச் சங்கமொன்றில் வாழை பயிரிடும் ஒருவர், "காட்டைப் பார்க்க நாங்கள் ஏன் போகவேண்டும், ஐயா? காடுதான் தினமும் ராத்திரி எங்கள் வயலுக்கு வருகிறதே" என்றார். கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. குலை தள்ளும் பருவத்தில் ஓரிரவில் காட்டுப்பன்றி தோண்டிப் போட்ட தோட்டத்தின் முன் நின்றவர் அவர். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. இவரிடம் போய் இயற்கையின் எழிலைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. அவருடைய நட்டத்திற்கு ஈடு காலத்தில் கிடைக்க வேண்டும். வேலியும் அகழியும் செம்மையாக அமைய வேண்டும். இதில் அரசு காட்டும் தாமதத்திற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஆயினும் அவருடைய வாழைக்குப் பாயும் நீரும் பன்றி வந்த அதே திசையிலிருந்துதான் வருகிறது. இரண்டையும் சேர்த்து அறிந்த குழந்தைதான் நாளை அதிகாரியின் முன் நின்று, கோபத்தால் மட்டுமன்றிக் கணக்கோடும் பேச முடியும். ஆதலின் அந்த வீட்டுப் பிள்ளைகளை முதலில் அழைத்துச் செல்ல வேண்டும் என்பேன்.

அவர்களுக்குக் காட்டுவதற்கென்றே கீழே ஓரிடமும் உண்டு. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருத மரங்களிலும் ஊர் மரங்களிலும் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. ஊரார் தாங்களே அவற்றைக் காத்து வந்தார்கள். 2005ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இவ்வகையில் நாட்டிலேயே முதலாவது என்ற பெருமை அதற்கு உண்டு. பயிரிடும் மக்கள் வாழும் ஊர் அது; வெளியிலிருந்து யாரும் வந்து அவர்களுக்குப் போதிக்கவில்லை. காட்டுக்கு அனுமதி கிடைக்காத நாளில் அங்கே போகலாம். செலவும் குறைவு.

செலவைப் பற்றிச் சங்கக் காரியதரிசிகள் என்னிடம் கேட்பது வழக்கம்: தணிக்கையில் ஆட்சேபம் வருமோ? பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி, துணைவிதிகள் அனுமதிக்கும் பொதுநல நிதியிலிருந்து, முறையான சீட்டுகளுடன் செய்த செலவுக்கு யாரும் ஆட்சேபம் எழுப்ப மாட்டார்கள். இயக்குநர்கள் தங்கள் குடும்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்வந்து, அதைக் குழந்தைகள் கல்விச் செலவு என்று எழுதினால்தான் ஆட்சேபம் வரும், வரவும் வேண்டும். எந்தக் குழந்தை போவது என்பதைச் சீட்டுக் குலுக்கியோ, வயது முறையிலோ முடிவு செய்தல் நலம். பெண் குழந்தைகளை வீட்டு வேலைக்காக நிறுத்திக்கொள்ளும் பெற்றோரிடம் சற்று வற்புறுத்திப் பேச வேண்டியிருக்கும்.

ஆபத்தைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி, பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டு வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மேலே மலையில் மழை கொட்டுகிறது. கீழே குளிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வருவதைக் கண்டு கரையேறுவதற்குள் வெள்ளம் வந்துவிடுகிறது. கோடை விடுமுறை என்பது கோடை மழைக்கும் உரிய காலம். வழுக்குப் பாறையும் சுழலும் ஆண்டுதோறும் எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் பெரியவர்களின் குடிப்பழக்கமும் உடன் சேர்ந்திருக்கிறது. மது பாட்டிலோடு வருபவர் எவ்வளவு பெரிய மனிதராயினும் அவரைக் குழந்தைகளின் வண்டியில் ஏற்றலாகாது. இதில் முகதாட்சண்யம் பார்க்கும் சங்கம் இந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்யாதிருப்பது மேல்.

அப்படியாயின் நீரைத் தொடவே கூடாதா என்று கேட்பீர்கள். குழந்தையை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்க் கால் நனைக்காதே என்பது கொடுமை. அனுமதித்த இடத்தில், கணுக்கால் நீரில், ஒரு பெரியவருக்கு ஐந்து குழந்தைகள் என்ற கணக்கில் இறங்கட்டும். அருவிக் குளியலை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியை ஒன்றிரண்டு பெரியவர்கள் மட்டும் அவசரத்துக்காக வைத்திருந்தால் போதும். படம் எடுப்பதில் முனையும் கண் கல்லின் அடியில் இருப்பதைக் காண்பதில்லை. இது பெரியவர்களுக்கே அதிகம் பொருந்தும்.

காலத்தைப் பொறுத்தவரை, தையும் மாசியுமே ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும், வெயில் ஏறியிராது, காட்டுத்தீ அச்சத்தால் வழிகளை மூடும் காலம் வந்திராது. அனுமதிக்கும் இடங்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், ஒரு மாதத்திற்கு முன்னரே வனத்துறை அலுவலகத்திற்கு எழுதி, பதில் கையில் வந்தபின் வண்டி பேச வேண்டும். காணிக்காரர் எவரேனும் வழிகாட்டியாக வரும்படி கேட்டு, அவருக்குரிய கூலியைச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். அது இனாமன்று, ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளம். இருபது குழந்தைகளுக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். உணவை வாழையிலையில் கட்டி, இலையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். உட்காரப் பட்டமடைப் பாய் இரண்டை எடுத்துச் சென்றால், அந்தக் கோரை எந்த நீரில் ஊறியதென்று அங்கேயே சொல்லிக் கொடுக்கவும் வசதியாக இருக்கும்.